எல்லைக்கு அந்தப் பக்கம் யார்கிட்ட பேசறது? (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். போன இதழ்ல வேற எதுக்கோ பதில் சொல்றப்போ, அமெரிக்காவோட எல்லை மாநில எம்.எல்.ஏ.க்களும் மெக்சிகோவோட மாநில எம்.எல்.ஏ.க்களும் ஒண்ணா உட்கார்ந்து பேசற அமைப்பு ஒண்ணு இருக்குன்னு போற போக்குல எழுதியிருந்தேன். அதைப் பிடிச்சிக்கிட்டு கடலூர்லேருந்தும் பாண்டிலேருந்தும் கொட்டித் தள்ளிட்டீங்க. சினிமா கேள்வி கேட்டவங்க, சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம்னு கேட்டவங்க எல்லாம் கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்.

கேள்வி: வெளிநாட்டோட பேசறது சென்ட்ரல் கவர்மென்ட் வேலை ஆச்சே, அமெரிக்காவுல மட்டும் ஸ்டேட் எம்.எல்.ஏ. எப்படி மெக்சிகோவோட பேசறாரு? அவங்க சட்டத்துல அதுக்கு இடம் இருக்கா? (ஒரு வாசகர், வில்லியனூர்)

இடம் இல்லைங்க, அதுதான் இதுல வேடிக்கையே. அமெரிக்க அரசியல் சாசனம் முதல் பிரிவு பத்தாவது உட்பிரிவுல பச்சையா எழுதியிருக்கு, எந்த மாநிலமும் வெளிநாட்டோட உடன்படிக்கை போடக்கூடாது, அதைவிட சின்ன ஒப்பந்தம்னாலும் காங்கிரஸ் சம்மதம் வேணும்னு. (காங்கிரஸ்னா அங்க நாடாளுமன்றம், நம்ம கட்சி இல்ல.) ஆனா பேசக்கூடாதுன்னு எங்கயும் எழுதல. அந்த சந்துல பூந்துதான் இவ்ளோவும் நடக்குது.

அந்த எல்லை சுமார் 3,145 கிலோமீட்டர். இந்தப் பக்கம் கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ்னு நாலு மாநிலம். அந்தப் பக்கம் பாஹா கலிஃபோர்னியா, சொனோரா, சிவாவா, கொவாவிலா, நுவோ லியோன், தமவ்லிபாஸ்னு ஆறு. மொத்தம் பத்து சட்டமன்றம். இந்த பத்துலேருந்தும் உறுப்பினர்கள் வந்து உட்கார்றதுதான் எல்லை சட்டமன்றக் கூட்டமைப்பு. கவர்னர்களுக்கு தனியா ஒரு மாநாடு 1980லேருந்து நடந்துச்சு (அங்க கவர்னர்னா நம்ம முதலமைச்சர் மாதிரி, ஓட்டு வாங்கி வர்றவரு). எம்.எல்.ஏ.க்கள் கூட்டத்துல தீர்மானம் போடுவாங்க, அது யாரையும் கட்டுப்படுத்தாது. அப்புறம் எதுக்கு போறாங்கன்னா ஊர்ல இருக்கிற தொல்லை அப்படி. டிஹுவானான்னு மெக்சிகோ பக்கம் பெரிய ஊரு, அங்க ஓடற ஆறு வடக்கு நோக்கி ஓடி எல்லை தாண்டி அமெரிக்க கடல்ல விழுது, ஊரோட சாக்கடை முழுக்க அதுலதான். இம்பீரியல் பீச்னு அமெரிக்கா பக்க கடற்கரையில மாசக்கணக்கா இல்ல, வருஷக்கணக்கா காலை நனைக்கக்கூடாதுன்னு போர்டு வச்சிருந்தாங்க. சாக்கடையை சுத்தம் பண்ற பிளான்ட் அமெரிக்கா பக்கம் இருக்கு, சாக்கடை வர்றது மெக்சிகோவுலேருந்து, பிளான்ட்டை நடத்துறது ரெண்டு மத்திய அரசும் சேர்ந்த எல்லை நீர் கமிஷன், நாத்தம் புடிக்கிறது மட்டும் உள்ளூர் எம்.எல்.ஏ.வோட தொகுதியில. ஓட்டு கேக்கப் போனா அவரு மூஞ்சிலதானே கேப்பாங்க? அதான் அவரு எல்லை தாண்டி எதிர்ல இருக்கிற எம்.எல்.ஏ.வை தேடிப் போறாரு.

கேள்வி: தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாதுன்னா அது டீ, பிஸ்கட் சாப்ட்டு போட்டோ எடுத்துக்கற கூட்டம்தானே. ஜனங்க வரிப்பணத்துல இது தேவையா? (ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)

பாதி கூட்டம் அப்படித்தான், உங்க கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா மீதி பாதியில என்ன நடக்கும்னு காட்ட எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல ஐந்து பெரிய ஏரி. உலகத்துல தரைமேல இருக்கிற நல்ல தண்ணியில ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு அங்கதான். 1998ல கனடாவோட ஒன்டாரியோ மாகாண அரசு ஒரு தனியார் கம்பெனிக்கு பெர்மிட் குடுத்துச்சு, சுப்பீரியர் ஏரித் தண்ணியை வருஷத்துக்கு 60 கோடி லிட்டர் வரைக்கும் கப்பல்ல ஏத்தி ஆசியாவுக்கு விக்கலாம்னு. அவ்ளோ பெரிய ஏரிக்கு 60 கோடி லிட்டர் ஒண்ணுமே இல்ல, ஆனா இன்னிக்கு ஒரு கப்பல்னா நாளைக்கு யாரு வருவான்னு ரெண்டு நாட்டு கரையிலயும் ஜனங்க கொதிச்சுப்போய் பெர்மிட் ரத்தாச்சு. அப்போதான் எல்லாருக்கும் உறைச்சுது, தண்ணியை வெளிய கொண்டு போறதைத் தடுக்க சரியான சட்டம் கையில இல்ல, ஏரி பொது, ஆனா கரை எட்டு மாநிலத்துக்கும் ரெண்டு மாகாணத்துக்கும் பிரிஞ்சு கிடக்குதுன்னு.

மாநிலம் வெளிநாட்டோட உடன்படிக்கை போடக்கூடாது, முன்னாடியே சொன்னேன். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் அருமை. 2005ல எட்டு கவர்னரும் ஒன்டாரியோ, கியூபெக் முதல்வர்களும் ஏரித் தண்ணியை வெளிய கொண்டு போறதைக் கட்டுப்படுத்த ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, கோர்ட்டுக்குப் போனா செல்லாத, நம்பிக்கை ஒப்பந்தம். அதே சரக்கை எட்டு மாநிலத்துக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற சட்ட ஒப்பந்தமா தனியா எழுதி, ஒரு வார்த்தை மாறாம எட்டு சட்டமன்றத்துலயும் பாஸ் பண்ணாங்க. முதல்ல மினசோட்டா, 2007ல. ஒரு சட்டமன்றம் ஒரு வரி திருத்தினாலும் மத்த ஏழும் திரும்ப பாஸ் பண்ணணும். எம்.எல்.ஏ.க்களுக்கு திருத்தம் போடாம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு நமக்குத் தெரியாதா? அப்புறம் 2008 அக்டோபர்ல நாடாளுமன்ற சம்மதம் வாங்கி புஷ் கையெழுத்து போட்டாரு. கனடா பக்கம் ரெண்டு மாகாணமும் அதே விதியை அவங்கவங்க சொந்த சட்டமா போட்டுக்கிட்டாங்க. ஆக எல்லை தாண்டி ஒரு உடன்படிக்கையும் கிடையாது, ஆனா எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே விதி.

விதி எவ்ளோ நுணுக்கம்னா, ஏரித் தண்ணியை 20 லிட்டருக்கு மேல பிடிக்கிற பாத்திரத்துல வெளிய கொண்டு போனா அது தண்ணி கடத்தல் கணக்கு, 20 லிட்டரும் அதுக்குக் கீழயும்னா அந்தந்த மாநிலம் பாத்துக்கும். நம்ம வீட்டு வாசல்ல இறக்கிட்டுப் போற வாட்டர் கேன் சைஸ்ல கோடு போட்டு வச்சிருக்காங்க பாருங்க. பாட்டில் தண்ணி கம்பெனிக்கு ஓட்டை விட்டுட்டாங்கன்னு இன்னும் சண்டை இருக்கு, எனக்கும் அது ஓட்டைன்னுதான் தோணுது.

சரி, சட்டம் வேலை செஞ்சுதா? விஸ்கான்சின்ல வாக்கேஷான்னு ஒரு ஊரு, ஏரிக்கு கொஞ்ச தூரத்துலதான், ஆனா ஏரிப் படுகைக்கு (மழைத் தண்ணி ஏரியை நோக்கி ஓடி வர்ற பகுதிக்கு) வெளிய. நிலத்தடி தண்ணியில ரேடியம் இருந்துச்சு, குடிக்க லாயக்கில்ல, மிச்சிகன் ஏரித் தண்ணி குடுங்கன்னு கேட்டாங்க. எட்டு கவர்னர்ல ஒருத்தர் வேண்டாம்னா போச்சு. கனடா மாகாணங்களுக்கு ஓட்டு இல்ல, ஆனா அவங்க ஆளுங்களும் உட்கார்ந்து அலசினாங்க. கேட்ட அளவைக் குறைச்சு, ஒரு நாளைக்கு சுமார் 3.1 கோடி லிட்டருக்கு மேல எடுக்கக்கூடாது, எடுத்த தண்ணியை சுத்தம் பண்ணி ஏரிக்கே திருப்பி விடணும்னு கண்டிஷன் போட்டு 2016 ஜூன்ல எட்டு பேரும் ஓகே சொன்னாங்க. தண்ணி வந்தது 2023ல. இதெல்லாம் முதல்ல ஆரம்பிச்சது நீங்க சொல்ற அந்த டீ பிஸ்கட் கூட்டம் மாதிரி, யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு ஒப்பந்தத்துலதான்.

கேள்வி: சட்டம் படிக்கிறேன் சார். இதை தமிழ்நாடு சட்டமன்றமோ புதுச்சேரி சட்டமன்றமோ செய்ய இந்திய சட்டத்துல வழி உண்டா? (ஒரு மாணவி, மஞ்சக்குப்பம்)

நீங்களே நம்ம அரசியல் சாசனத்தோட ஏழாவது அட்டவணையை (எந்த அதிகாரம் மத்திய அரசுக்கு, எது மாநிலத்துக்குன்னு பிரிக்கிற பட்டியல்) திறந்திருப்பீங்க. மத்தியப் பட்டியல்ல 10வது வெளியுறவு, 14வது உடன்படிக்கை. 253வது பிரிவுல இன்னும் ஒரு படி மேல, வெளிநாட்டு உடன்படிக்கையை நிறைவேத்த மாநிலப் பட்டியல்ல இருக்கிற விஷயத்துலகூட நாடாளுமன்றம் சட்டம் போடலாம். அமெரிக்காவைவிட நமக்குக் கதவு இன்னும் இறுக்கம்.

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. வெளிநாட்டு நன்கொடை சட்டம் 2010, ஆறாவது பிரிவுப்படி ஒரு எம்.எல்.ஏ. வெளிநாடு போனா அங்க இருக்கிறவங்க செலவுல தங்கறதுக்கும் சாப்பிடறதுக்கும் மத்திய அரசோட முன் அனுமதி வேணும். அரசு முறைப் பயணம்னா வெளியுறவுத்துறை கிளியரன்ஸ் வேற. அதாவது அந்த டீ பிஸ்கட்டுக்கே டில்லி பர்மிஷன். 2024ல கேரளா ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு வெளிநாட்டு ஒத்துழைப்பு பொறுப்பைக் குடுத்தப்போ, மாநிலங்கள் தங்களுக்கு சம்பந்தமில்லாத விஷயத்துல நுழையக்கூடாதுன்னு வெளியுறவுத்துறை உடனே வாயைத் திறந்து சொல்லிடுச்சு.

ஆனா முழுசா பூட்டியிருக்குன்னும் சொல்ல மாட்டேன். வெளியுறவுத்துறையிலேயே மாநிலங்களுக்குன்னு ஒரு பிரிவு 2014லேருந்து இருக்கு. காமன்வெல்த் நாடாளுமன்ற சங்கத்துல நம்ம மாநில சட்டமன்றங்களும் கிளையா இருக்கு, அந்த வழியா எம்.எல்.ஏ.க்கள் வெளிய போய் வெளிநாட்டு உறுப்பினர்களைப் பாக்கறது ரொம்ப காலமா நடக்கிறது. அப்புறம் எல்லை ஓரமா இருக்கிற மாநிலத்தைப் பாருங்க. மியான்மர் எல்லையில ரெண்டு பக்கமும் 16 கிலோமீட்டர் வரைக்கும் விசா இல்லாம போய் வர்ற ஏற்பாடு இருந்துச்சு. அதை எடுக்கப் போறோம், வேலி போடப் போறோம்னு மத்திய அரசு 2024 பிப்ரவரியில சொன்னதும், அதே மாசக் கடைசியில மிசோரம் சட்டமன்றமும் மார்ச் 1ஆம் தேதி நாகாலாந்து சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டுச்சு, ஒரே குடும்பம், ஒரே இனம் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்குன்னு. ஆனா கவனிங்க, தீர்மானம் போனது டில்லிக்கு. எதிர்ப்பக்கம் மியான்மரோட சின் மாநிலத்துல பேச அப்போ பழைய சட்டமன்றம் இல்ல, ராணுவம் 2021ல எல்லாத்தையும் கலைச்சுட்டுச்சு.

பரிட்சைக்கு ஒரு பாயின்ட்: மீன்பிடி மாநிலப் பட்டியல்ல 21வது. பிராந்திய கடலுக்கு வெளிய மீன்பிடி மத்தியப் பட்டியல்ல 57வது. கோடு விழறது கரையிலேருந்து 12 கடல் மைல்ல. கீழ வர்ற அடுத்த கேள்விக்கு இதுதான் அடிப்படை, ஞாபகம் வச்சுக்குங்க.

கேள்வி: கச்சத்தீவை மீட்கணும்னு எத்தனை தடவை தீர்மானம் போட்டாச்சு, நம்ம ஆளுங்களைப் புடிக்கறது நிக்கல. நம்ம எம்.எல்.ஏ.ங்க நேரா யாழ்ப்பாணம் போய் பேசினா என்ன அண்ணே? (ஒரு மீனவர், தேவனாம்பட்டினம்)

தம்பி, இதுக்கு நான் சொல்ற பதில் உங்களுக்கும் பிடிக்காது, இன்னும் பல பேருக்கும் பிடிக்காது, இருந்தாலும் சொல்லிடறேன்.

கச்சத்தீவு 1974ல போச்சு, 285 ஏக்கர். 1976ல கடிதம் மாத்திக்கிட்டதுல அந்தப் பக்க கடல்ல மீன்பிடிக்கிற உரிமையும் போச்சு. ரெண்டு தடவையும் தமிழ்நாடு சட்டமன்றத்தோட சம்மதத்தை யாரும் கேக்கல, அந்தக் கோவம் நியாயமான கோவம். கடைசியா 2025 ஏப்ரல் 2ஆம் தேதியும் சட்டமன்றத்துல தீர்மானம் வந்துச்சு. எல்லாம் டில்லிக்கு எழுதின மனு. டில்லி படிக்கும், ஃபைல்ல வைக்கும்.

சரி, நேரா போய் பேசலாம்னா எதிர்ல யாரு இருக்கா? இலங்கையில 1987ல 13வது திருத்தம் மூலமா மாகாண சபை வந்துச்சு. வட மாகாண சபைக்கு 2013 செப்டம்பர்லதான் முதல் தேர்தல் நடந்து விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனாரு. 2018 அக்டோபர்ல சபையோட காலம் முடிஞ்சுது. அப்புறம் தேர்தலே வைக்காம கவர்னர் கையில விட்டுட்டாங்க. ஆக நம்ம எம்.எல்.ஏ. யாழ்ப்பாணம் போனாலும் அவருக்கு சமமா உட்கார அங்க மாகாண உறுப்பினர்னு ஒருத்தர் இல்ல. அந்த அஞ்சு வருஷம் இருந்தப்போ உட்கார்ந்திருக்கணும், ரெண்டு பக்கமும் தமிழ்ல பேசற ரெண்டு சபை, மொழிபெயர்ப்பாளர்கூட வேணாம், அந்த சந்தர்ப்பத்தைக் கோட்டை விட்டோம்னுதான் நான் சொல்வேன்.

இப்போ பிடிக்காத பகுதி. அங்க இருக்கிறவங்களுக்கு நம்ம மேல இருக்கிற குறை கச்சத்தீவு இல்ல, இழுவைமடி. யுத்தம் 2009ல முடியற வரைக்கும் வடக்கு மீனவங்க கடலுக்குப் போறதுக்கு கடுமையான கட்டுப்பாடு இருந்துச்சு. அதுக்கப்புறம் கடனை வாங்கி சின்ன ஃபைபர் படகு வாங்கி, வலை வாங்கிப் போட்டு இறங்கினா, ராத்திரியில நம்ம விசைப்படகு வந்து கடல் அடியையே வழிச்சிட்டுப் போவுது, போற வழியில அவங்க போட்டு வச்ச வலையும் அறுந்து போவுது. 2014 ஜனவரியில சென்னையில ரெண்டு பக்க மீனவ சங்கமும் உட்கார்ந்தப்போ அவங்க முக்கியமா கேட்டது, இழுவைமடியை நிறுத்துங்க. அவங்க நாட்டுலயே 2017ல அதை சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க. அதுக்காக சுடறதும் அடிக்கறதும் சரின்னு ஆயிடாது. 2025 ஜனவரியில நெடுந்தீவுகிட்ட காரைக்கால் படகு மேல குண்டு பாய்ஞ்சு நம்ம ஆளுங்க யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க, மீன் பிடிச்சதுக்கு குண்டு தண்டனைன்னு எந்த சட்டத்துலயும் இல்ல. ரெண்டையும் சேர்த்துத்தான் பேசணும், ஒண்ணை மட்டும் பேசறவன் ஓட்டுக்குப் பேசறான்.

அப்போ நம்ம சட்டமன்றத்தால என்ன ஆவும்? டில்லிக்கு மனு எழுதாம தன் கையாலேயே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. 12 மைலுக்குள்ள மீன்பிடி விதி மாநிலத்தோடது. எந்தப் படகுக்கு லைசென்ஸ், எந்த வலை, எத்தனை குதிரைத்திறன் இன்ஜின், மானியம் யாருக்கு, எல்லாமே மாநிலத்து கையில. 2017ல பாக் நீரிணை இழுவைமடிப் படகை ஆழ்கடல் படகா மாத்தற திட்டம் வந்துச்சு, ஒரு படகு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், பேங்க் கடன் 20, மீனவர் கையிலேருந்து 10. மூணு வருஷத்துல 2,000 படகுன்னாங்க. அதுல கொஞ்சம்தான் நடந்துச்சு, ஏன்னா கையில 8 லட்சம், மேல 16 லட்சம் கடன், பழகாத தூரம், பல நாள் கடல்லயே கிடக்கணும், ஐஸ், டீசல் செலவு வேற. மாநிலம் அந்த 10ஐயும் 20ஐயும் தன் தலையில போட்டுக்கிட்டு, படகுக்கு இடம், மீனுக்கு விலை ரெண்டுக்கும் பொறுப்பு எடுத்திருந்தா கதை வேற. காரைக்கால் புதுச்சேரி சட்டமன்றத்துல அஞ்சு தொகுதி, அங்கயும் இதே வேலை செய்யலாம். நாகை, ராமநாதபுரம், காரைக்கால் படகெல்லாம் ஒரே விதிக்கு வந்தாச்சுன்னா, அப்போ அந்தப் பக்கம் சபை வந்தவுடனே நீ போட்ட சட்டம் இது, நான் போட்ட சட்டம் இதுன்னு உட்காரலாம். வெறும் கையோட போனா வெறும் கையோடதான் வரணும்.

கேள்வி: ஐயா, எங்க ஊருப் பக்கம் அந்த மாதிரி எல்லை தாண்டி ஒப்பந்தம் ஏதாவது நடந்திருக்கா? எங்க தாத்தா பிரெஞ்சு காலம் பத்தி நிறைய சொல்வாரு. (ஒரு வாசகர், பாகூர்)

நல்லா கேட்டீங்க, நீங்க அதோட கரையிலதான் உட்கார்ந்திருக்கீங்க. பாகூர் ஏரிக்கு தண்ணி எங்கேருந்து வருது? தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டு, அங்கேருந்து பங்காரு வாய்க்கால் வழியா. அணை தமிழ்நாட்டுப் பக்கம், ஏரி புதுச்சேரிப் பக்கம். இது வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் போட்டுக்கிட்ட ஏற்பாடு, அன்னிக்கு ரெண்டு வல்லரசுக்கு நடுவுல இருந்த சர்வதேச தண்ணி ஒப்பந்தம், இன்னிக்கும் உங்க ஊர் நெல்லு அதுலதான் விளையுது. மழை குறைஞ்ச வருஷம் மதகைத் திறக்கலன்னு ரெண்டு பக்க விவசாயியும் முறைச்சுக்கிறாங்க, அது வேற.

எல்லைன்னா நிஜமான எல்லைங்க. பாரதி 1908ல பாண்டிக்கு வந்தது அந்த எல்லையைத் தாண்டினா இங்கிலீஷ் போலீஸ் தொடமுடியாதுன்னுதான். 1918 நவம்பர்ல வெளிய வந்தாரு, கடலூர்கிட்டயே புடிச்சு கடலூர் ஜெயில்ல போட்டாங்க. இப்போ டவுன் பஸ்ல போற தூரம்.

எம்.எல்.ஏ. கதைக்கு வந்தா கீழூர். 1954 அக்டோபர் 18ஆம் தேதி, பிரதிநிதி சபை உறுப்பினருங்களும் முனிசிபல் கவுன்சிலர்களும் சேர்ந்து 178 பேரு அங்க கூடி பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோட சேரலாமான்னு ஓட்டு போட்டாங்க. 170 பேரு சேரலாம்னாங்க, 8 பேரு வேண்டாம்னாங்க. நவம்பர் 1 நிர்வாகம் கை மாறிச்சு, சட்டப்படி மாற 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு. பொதுஜனம் ஓட்டு போடல, உறுப்பினருங்கதான் போட்டாங்க, அதைப் பத்தி இன்னிக்கும் வாதம் உண்டு. ஆனா எல்லையை அழிக்க உள்ளூர் உறுப்பினருங்க கையைத் தூக்கின ஊரு நம்ம ஊருதான். ஒரு கொசுறு: 1962ல பிரெஞ்சு குடியுரிமை எடுத்தவங்க குடும்பத்துல இருக்கிறவங்க இப்பவும் பாண்டியிலேருந்தே பிரான்ஸ் தேர்தல்ல ஓட்டு போடறாங்க, பாரிஸ் நாடாளுமன்றத்துல வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரங்களுக்குன்னு இருக்கிற 11வது தொகுதியில இந்தியா வருது. எதிர் வீட்டுக்காரருக்கு தேர்தல்னு பாண்டியில சொன்னா எந்த நாட்டுத் தேர்தல்னு கேட்டுக்கணும்.

கேள்வி: எல்லாமே நல்லது மாதிரியே எழுதறீங்க. எம்.எல்.ஏ.ங்களால ரெண்டு நாட்டு உறவு கெட்டுப் போனது இல்லையா? (ஒரு வாசகி, நெல்லித்தோப்பு)

உண்டே. 2010 ஏப்ரல்ல அரிசோனா சட்டமன்றம் எஸ்.பி. 1070னு ஒரு சட்டம் பாஸ் பண்ணுச்சு, வேற ஒரு காரணத்துக்காக போலீஸ் நிறுத்தின ஆளு சட்டவிரோதமா வந்தவரா இருப்பாருன்னு சந்தேகம் வந்தா பேப்பர் கேக்கணும்னு. அந்த வருஷம் எல்லை கவர்னர் மாநாடு அரிசோனாவுல ஃபீனிக்ஸ்ல நடக்க வேண்டியது. மெக்சிகோவோட ஆறு கவர்னரும் அந்த ஊருக்கு வரமாட்டோம்னுட்டாங்க. அரிசோனா கவர்னர் மாநாட்டையே ரத்து பண்ணிட்டாங்க, பக்கத்து நியூ மெக்சிகோ கவர்னர் சான்டா ஃபேயில நான் நடத்தறேன் வாங்கன்னு கூப்ட்டாரு. 2012ல சுப்ரீம் கோர்ட் அந்த சட்டத்துல வழக்குக்கு வந்த நாலு பிரிவுல மூணை அடிச்சுது, பேப்பர் கேக்கிற பிரிவை மட்டும் விட்டுச்சு. ஒரு மாநில சட்டமன்றம் வெளியுறவைக் கட்ட முடியாதுன்னாலும் கெடுக்க முடியும், அது ஒரு நாள் வேலை.

கேள்வி: ஐரோப்பாவுல இப்படி உண்டா? (ஒரு வாசகர், முத்தியால்பேட்டை)

உண்டு. தெற்கு டிரோல்னு ஜெர்மன் பேசற பகுதி, முதல் உலக யுத்தத்துக்கு அப்புறம் இத்தாலிக்குப் போயிடுச்சு, மிச்ச டிரோல் ஆஸ்திரியாவுலயே இருக்கு. இந்த ரெண்டு சட்டமன்றமும் பக்கத்து டிரென்டினோ சட்டமன்றமும் 1991லேருந்து அப்பப்போ ஒரே மண்டபத்துல கூட்டுக் கூட்டம் போடறாங்க. தீர்மானம் மூணு சட்டமன்றத்துக்கும் போகும். ரோட்டுல லாரி நெரிசல்லேருந்து ரயில் சுரங்கம் வரைக்கும் பேசுவாங்க. ஸ்பெயின் பிரான்ஸ் எல்லையில புய்க்செர்தான்னு ஒரு மலை ஊரு, அங்க ரெண்டு நாட்டு ஜனத்துக்கும் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரி 2014ல திறந்தாங்க, கடலூர்க்காரங்க ஜிப்மருக்குப் போற மாதிரி பிரெஞ்சுக்காரங்க அங்க போறாங்க.

கேள்வி: அமெரிக்கா மெக்சிகோ எல்லாம் இருக்கட்டும். கடலூரும் பாண்டியும் ஒரே நாடுதானே, நம்ம ரெண்டு பக்க எம்.எல்.ஏ.வும் முதல்ல உட்கார்ந்து பேசுவாங்களா? (ஒரு இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்)

அம்மா, இந்த இதழ்லயே நல்ல கேள்வி உங்களோடதுதான். இதுக்கு வெளியுறவுத்துறை கிளியரன்ஸும் வேணாம், நன்கொடை சட்டமும் குறுக்க வராது. தென்மண்டல கவுன்சில்னு 1956 மாநில சீரமைப்பு சட்டத்துல ஒரு அமைப்பு இருக்கு, தமிழ்நாடும் புதுச்சேரியும் ரெண்டுமே அதுல இருக்கு, ஆனா அது முதலமைச்சருங்க உட்கார்ற இடம், எம்.எல்.ஏ.க்களுக்கு அங்க நாற்காலி இல்ல.

பேச விஷயமா இல்ல? முள்ளோடை தாண்டினா ஒரு சட்டம், தாண்டலன்னா ஒரு சட்டம். சாராயம், பெட்ரோல் விலை வித்தியாசத்தை விடுங்க, அதுல ரெண்டு பக்கமும் யாரோ சந்தோஷமாத்தான் இருக்காங்க. மீன்பிடியை எடுத்துக்குங்க. தமிழ்நாட்டுக்கு 1983 சட்டம், புதுச்சேரிக்கு 2008 சட்டம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் ரெண்டு பக்கமும் ஒண்ணு, அது நடக்குது, யாரும் மீன் வலசை எல்லை பாக்குதான்னு கேக்கறதில்ல. ஆனா சுருக்குமடின்னு (மீன் கூட்டத்தையே வளைச்சு அடியைச் சுருக்கிப் புடிக்கிற வலை) வந்தா தமிழ்நாடு 2000லேயே தடை போட்டாச்சு, 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் 12 மைலுக்கு வெளிய மட்டும் வாரத்துல திங்கள், வியாழன் ரெண்டு நாள் போலாம்னு இடைக்கால உத்தரவு குடுத்துச்சு. ஒரே கடல்ல ஒரே மீனுக்கு நிக்கிற தேவனாம்பட்டினம் ஆளும் வீராம்பட்டினம் ஆளும் தனித்தனி அதிகாரிகிட்ட தனித்தனி விதி கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. கடலூர் எம்.எல்.ஏ.வும் அரியாங்குப்பம், மணவெளி எம்.எல்.ஏ.க்களும் மீனவப் பஞ்சாயத்தாரை வச்சுக்கிட்டு ஒரு நாள் உட்கார்ந்து, வலைக் கண்ணி அளவும் சுருக்குமடி விதியும் ரெண்டு சட்டத்துலயும் ஒரே வாசகமா இருக்கணும்னு ஒரு வரைவு எழுதி, அவங்கவங்க மீன்வளத்துறை அமைச்சர்கிட்ட குடுக்கலாம். நீங்க மனு எழுதறதா இருந்தா ரெண்டு காப்பி போடுங்க, ஒண்ணு கடலூர் எம்.எல்.ஏ. ஆபீசுக்கு, இன்னொண்ணு பாண்டிக்கு, ரெண்டுலயும் இது யாருக்கெல்லாம் போயிருக்குன்னு கீழ எழுதிடுங்க, அப்போதான் அவரு பாத்துப்பாருன்னு இவரு விடமாட்டாரு.